வில்லனைக் காதலிக்கும் கதைகள் - கழுதை கேட்ட கதை முதல் ஹவுல் வரை

வில்லன் என்றால் கடைசியில் அடி வாங்க வேண்டும். நமக்குப் பழகிய கணக்கு இதுதான். ஆனால் மாயாஜாலக் கதைகளில் வேறொரு கணக்கும் உண்டு. ஊரே நடுங்கும் வில்லன் மீதுதான் நாயகிக்குக் காதல் வரும்! அதுவும் சிரிக்கச் சிரிக்க. இது இன்றைய ஃபேஷன் என்று நினைத்தால் தவறு. இந்தக் கதைக்கு வயது சுமார் 1800.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள மதௌரா என்ற ஊரில் பிறந்த அபுலேயஸ், லத்தீனில் 'பொற்கழுதை' என்ற நகைச்சுவை நாவலை எழுதினார். மந்திரத்தில் ஆசைப்பட்டுக் கழுதையாகிப் போனவனின் கதை அது. அதில் ஓர் இடம். கல்யாணத்தன்று கொள்ளையர்கள் கடத்தி வந்த பெண் குகையில் அழுதுகொண்டிருக்கிறாள். அவளைத் தேற்ற ஒரு கிழவி கதை சொல்கிறாள்.

சைக்கீ என்ற இளவரசிக்குக் கொடிய பாம்பு போன்ற ஒருவனே கணவனாக வருவான் என்று குறி சொல்கிறார்கள். வந்தவனோ இருட்டில் மட்டுமே வருகிறான். "அது உன்னை விழுங்கப் போகிறது" என்று அக்காக்கள் பயமுறுத்த, அவள் கத்தியும் விளக்குமாகப் போய்ப் பார்க்கிறாள். தூங்குவது காதல் கடவுள் குபிட்! இதையெல்லாம் கேட்ட கழுதை, எழுதி வைக்க எழுதுகோல் இல்லையே என்று வருந்துகிறதாம்.

முன்பின் தெரியாத ஆணின் வீட்டுக்குப் போகும் பெண்ணின் பயம்தான் இந்தக் கதைகளின் வேர். பிரான்சில் 1740ல் வில்நவ் சீமாட்டி எழுதிய 'அழகியும் அரக்கனும்' கதையை, 1756ல் பொமோன் சீமாட்டி சுருக்கி எழுதினார். இவர் லண்டனில் சிறுமிகளுக்குப் பாடம் சொன்னவர். இவருடைய அரக்கன், தான் அவலட்சணம் மட்டுமல்ல, புத்தியும் இல்லாதவன் என்று தானே ஒப்புக்கொள்கிறான். அழகியின் அக்காக்களுக்கோ ஓர் அழகனும் ஒரு புத்திசாலியும் வாய்க்கிறார்கள். முதலாமவன் தன்னையே ரசிக்கிறான், இரண்டாமவன் புத்தியை வைத்து எல்லோரையும் குத்துகிறான்!

ஆனால் எல்லா அரக்கனும் நல்லவன் இல்லை. 1697ல் ஷார்ல் பெரோ எழுதிய 'நீலத்தாடி' கதையில், கணவன் நிஜமாகவே மனைவிகளைக் கொன்றவன். பணமும் மாளிகையும் உண்டு. சிரிப்பு மட்டும் இல்லை.

இந்த இரண்டு வகையையும் நன்றாகப் பிரித்துக் காட்டியவர் டயானா வின் ஜோன்ஸ் (1934-2011). 1986ல் வந்த இவரது 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' நாவலில், மந்திரவாதி ஹவுல் பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊரே சொல்கிறது. உண்மை என்ன? அந்தக் கெட்ட பெயரைப் பரப்பச் சொன்னதே ஹவுல்தான்! சாபத்தால் கிழவியாகிவிட்ட சோஃபி அவன் கோட்டைக்குள் நுழைகிறாள். கிழவிக்கு என்ன பயம்? திட்டுகிறாள், பெருக்குகிறாள், அதட்டுகிறாள். தலைமுடியின் நிறம் கெட்டுப் போனதற்காக, பெண்களைத் தின்பவன் உடம்பெல்லாம் பச்சைப் பிசினாக வழிய உட்கார்ந்து அழுகிறான். 2004ல் மியாசாகி இதைப் படமாக்கி உலகமெங்கும் கொண்டு போனார்.

ஹவுல் யோக்கியன் இல்லை. பெண்களை மயக்கிவிட்டு, அவர்கள் காதலித்ததும் நழுவிவிடுவான். சோஃபிக்கு அது தெரியும், முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு அவனால் அதே வீட்டில் இருக்க முடிகிறது. கவர்ச்சியே அங்கேதான். பெண் பயப்படுவதை நிறுத்துகிறாள், ஆண் பயமுறுத்துவதை நிறுத்துகிறான்.

கொடுமையையே காதல் என்று விற்கும் கதைகளும் நிறைய உண்டு. பிரித்தறிய ஒரு சின்ன சோதனை போதும். நாயகி அவனைப் பார்த்துச் சிரித்தால் என்ன நடக்கிறது? அவனும் அசடு வழிந்தால் அவன் ஹவுல். கை ஓங்கினால் நீலத்தாடி. கதையில் மட்டுமல்ல, கதைக்கு வெளியேயும் இந்தச் சோதனை செல்லும்.