பிரட்டுத் தப்பிலிருந்து ஒக்டபேட் வரை

இலங்கை மலையகத்தில் டன்சினன் தோட்டப் பக்கத்து லயங்களில் எங்கள் தாத்தா காலத்தில் விடியுமுன்னே தப்புச் சத்தம் கேட்கும். அது பிரட்டுத் தப்பு. கொழுந்தெடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிடும் அடி. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சனங்களோடு கப்பலேறி வந்த வாத்தியம் அது. 1869இல் இலைநோய் தாக்கி, அடுத்த ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. துரைமாருக்கு அந்தத் தப்பு ஒரு மணிக்கூடு. லயத்துக்கோ சாமிக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தூரத்து மலையில் நிற்பவர்கூட அடியைக் கேட்டே செய்தியைத் தெரிந்துகொள்வார்.

மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால் தப்புக்கு ராஜநடை. ரதி மதன் ஆட்டத்துக்கு ஓர் அடி, வீரபத்திரன் இறங்கும்போது வேறோர் அடி. மழை குறைந்த மாதம் என்பதால் தோலும் ஒத்துழைக்கும். ஆடி மழையில் அப்படியில்லை. காய்ச்சிக் காய்ச்சி அடிக்க வேண்டும். நெருப்பைவிட்டுத் தள்ளி நின்றால் கொஞ்ச நேரத்தில் சத்தம் அமுங்கிவிடும்.

இவ்வளவு வேண்டியிருந்த வாத்தியத்தை அடித்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கினார்கள். சாவு வீட்டில் அடித்தவருக்கு முற்றத்தின் ஓரத்தில்தான் சோறு. பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்தது இதனால்தான். சினிமாப் பாட்டின் மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தமும் எங்களைக் கலைத்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகளும் முடிவு செய்தன. எங்கள் சின்னத் தாத்தா குடும்பம் அதில் போனது. அவர் அடித்த சில அடிகளை இங்கே இப்போது அடிக்க ஆளில்லை.

எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் பொப் பாடல்கள் பரவின. கிட்டார் பிடிக்கும் ஆசை தோட்டத்துப் பையன்களுக்கும் வந்தது. 1985இல் ரோலண்ட் நிறுவனம் ஒக்டபேட் என்ற மின்னணுத் தாள வாத்தியத்தை வெளியிட்டது. பின்னாளில் அது எங்கள் இசைக்குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. எட்டுச் சதுரங்கள், இரண்டு குச்சி. மழையானாலும் குளிரானாலும் சத்தம் மாறாது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று: அதன் முன்னால் நின்றவனிடம் யாரும் சாதி கேட்கவில்லை. மேடையில் நாற்காலி போட்டார்கள், பந்தியில் உட்காரவைத்தார்கள். அந்த மரியாதைக்காகவே நான் முதலில் பேட் அடிக்கப் போனேன்.

இன்று இரண்டும் என் கையில் இருக்கின்றன. ஒக்டபேடிலும் தப்புச் சத்தம் ஏற்றலாம். தப்பின் ஓரத்தில் மெல்லிய சிண்டுக்குச்சி உரசும்போது எழும் ஒலி மட்டும் அதில் சரியாக வருவதில்லை. அதனால் கச்சேரிக்குப் போகும்போது சித்தப்பாவையும் தப்போடு கூட்டிப்போகிறேன். மைக்கைத் தோலுக்கு நேரே வைத்தால் இரையும். பின்பக்கம் ஒரு முழம் தள்ளி வைக்கிறோம். நிகழ்ச்சி பேசும்போதே சொல்லிவிடுவேன்: கீபோர்ட்காரருக்கு என்ன சம்பளமோ தப்புக்காரருக்கும் அதே; அவருக்கும் மேடையில் நாற்காலி வேண்டும். சம்மதிக்காத வீட்டுக்கு நாங்கள் போவதில்லை.