ஒரு காரும் ஒரு வரிசையும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

உலகில் மிக அதிகமாக விற்ற கார்கள் எவை என்று கேட்டால் ஃபோர்டு மாடல் டி, வோக்ஸ்வாகன் பீட்டில் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். சோவியத் நாட்டில் பிறந்த ஒரு கார் அந்த வரிசையில் இருப்பது அதிகம் பேருக்குத் தெரியாது. ஜிகுலி என்று பெயர். வெளிநாடுகளில் லாடா. 1970இல் தொடங்கி 2012 வரை 42 ஆண்டுகள், அடிப்படை மாறாமல் சுமார் 1 கோடியே 70 லட்சம் கார்கள் தயாராயின. மாடல் டி 1 கோடியே 50 லட்சம்தான்.

ஒரு பொருள் 42 ஆண்டுகள் மாறாமல் இருந்தால் அது அதன் பெருமையா, குறையா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கதைக்குள் போவோம்.

குருஷ்சேவுக்குத் தனியார் கார் பிடிக்காது. ஆளுக்கொரு கார் என்பது முதலாளித்துவ வீண் செலவு, மக்களுக்குப் பேருந்தும் டாக்சியும் வாடகைக் காரும் போதும் என்பது அவர் எண்ணம். 1964 அக்டோபரில் அவர் பதவி இறக்கப்பட்டார். பிரதமராக வந்த கோசிகின் வேறு மாதிரி யோசித்தார். மக்கள் கையில் சம்பளப் பணம் சேர்கிறது, வாங்குவதற்குக் கடையில் பொருள் இல்லை. இப்படியே விட்டால் உழைக்க என்ன ஊக்கம் இருக்கும்? கார் என்ற ஆசையைக் காட்டினால் பணமும் அரசுக்குத் திரும்பும், வேலையும் நடக்கும். 1965இல் அவ்வளவு பெரிய நாடு முழுவதும் தயாரித்த பயணிகள் கார்கள் சுமார் 2 லட்சம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சொந்தமாக ஒரு பெரிய ஆலையை வடிவமைத்துக் கட்ட நாளாகும். எனவே இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தை அணுகினார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். ஆனால் இத்தாலியில் வலுவான கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது, ஃபியட்டுக்கும் புதிய சந்தை வேண்டியிருந்தது. 1966 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கம்யூனிஸ்ட் நாடு முதலாளித்துவ நிறுவனத்தின் காரை அப்படியே வாங்குகிறது, கூடவே ஆலையையும் வாங்குகிறது!

ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் வோல்கா நதிக்கரையில் இருந்த தோல்யாத்தி. இந்த ஊருக்கே ஒரு தனிக் கதை உண்டு. பழைய பெயர் ஸ்தாவ்ரோபோல். 1950களில் வோல்காவில் பெரிய அணை கட்டியபோது பழைய ஊர் நீரில் மூழ்கியது. மக்கள் மேட்டுக்கு மாற்றப்பட்டார்கள். இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பல்மீரோ தோல்யாத்தி 1964 ஆகஸ்டில் சோவியத் நாட்டுக்கு வந்திருந்தபோது யால்தாவில் காலமானார். அவர் நினைவாக ஊருக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஃபியட் வந்ததால்தான் இத்தாலியப் பெயர் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆண்டைப் பாருங்கள். பெயர் 1964, ஒப்பந்தம் 1966.

எடுத்துக்கொண்ட மாடல் ஃபியட் 124. ஐரோப்பாவில் 1967ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற விருது பெற்றது. ஆனால் அந்தக் காரை ரஷ்யச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தபோது சங்கடம் தொடங்கியது. சோதனை செய்தது நாமி என்ற அரசு வாகன ஆராய்ச்சி நிறுவனம். பெயரை ஞாபகம் வையுங்கள், கடைசியில் மறுபடி வருவார்கள். கல்லும் சேறும் குழியும் நிறைந்த பாதையில் இத்தாலிய மெல்லிய பாடி தாக்குப் பிடிக்கவில்லை. பின் சக்கர டிஸ்க் பிரேக்குகள் சேற்றிலும் மணலிலும் சீக்கிரம் தேய்ந்தன.

அதனால் காரைப் பிரித்து மேய்ந்தார்கள். 800க்கும் மேற்பட்ட மாற்றங்கள். பாடிக்குத் தடிமனான தகடு. தரையிலிருந்து கூடுதல் உயரம். பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக். பின் சஸ்பென்ஷன் புதிது. எஞ்சினையே மாற்றச் சொன்னார்கள். பழைய வகை வேண்டாம், கேம்ஷாஃப்ட் மேலே இருக்கும் புதிய வகை வேண்டும் என்று சோவியத் பொறியாளர்கள் பிடிவாதம் பிடித்து வாங்கினார்கள். கடுங்குளிரில் பேட்டரி செத்துவிட்டால் என்ன செய்வது? முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வசதியும் வைத்தார்கள். பழையதும் புதியதும் ஒரே வண்டியில்! அசலை விட நகல் உறுதியாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

1970 ஏப்ரல் 19 அன்று முதல் ஆறு கார்கள் வெளிவந்தன. மாடல் எண் 2101. லெனின் பிறந்த நூற்றாண்டு நாள் ஏப்ரல் 22. அதற்கு மூன்று நாள் முன்னதாக முடித்துக் காட்டினார்கள். நதிக்கு அக்கரையில் இருக்கும் குன்றுகளின் பெயர் ஜிகுலி. அதையே காருக்கு வைத்தார்கள். ஏற்றுமதி செய்யும்போது அந்தப் பெயர் மேலை நாட்டார் காதில் 'ஜிகோலோ' என்ற கெட்ட சொல் போல ஒலித்ததால் லாடா ஆயிற்று. ரஷ்ய மக்களோ எண்ணின் கடைசியில் இருந்த 1ஐ வைத்து 'கொபேய்க்கா' என்று செல்லமாக அழைத்தார்கள். நம் வழக்கில் சொன்னால் 'காலணா'.

1973 முடிவதற்குள் பத்து லட்சமாவது கார் வந்துவிட்டது. 1975இல் நாட்டின் மொத்தக் கார் உற்பத்தி 12 லட்சம். பத்தே ஆண்டில் ஆறு மடங்கு. 'சோவியத் நாடு' பத்திரிகையின் பளபளப்பான தாளில் அந்தக் கார்களின் படத்தைப் பார்த்த என் வயதுக்காரர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள்.

படத்தில் வராதது ஒன்று உண்டு. அதுதான் வரிசை.

1970இல் சோவியத் தொழிலாளியின் சராசரி மாதச் சம்பளம் சுமார் 122 ரூபிள். காரின் விலை சுமார் 5,500 ரூபிள். வகுத்துப் பாருங்கள். 45 மாதச் சம்பளம், அதாவது சாப்பிடாமல் செலவழிக்காமல் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு உழைப்பு. இன்று போல மாதத் தவணையெல்லாம் கிடையாது. பணம் முழுவதும் சேர்ந்தாலும் கடைக்குப் போய் வாங்க முடியாது. வேலை செய்யும் இடத்தில் தொழிற்சங்கக் கமிட்டியின் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பிறகு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை வரும். அந்த அட்டை வந்த வீட்டில் அன்று திருவிழா. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதன் விளைவு விசித்திரமானது. நான்கு வருடம் ஓடிய பழைய கார், கடையில் இருக்கும் புதிய காரை விட அதிக விலைக்குப் போகும். ஏன்? பழைய காருக்குக் காத்திருக்க வேண்டாமே! உதிரி பாகங்களுக்கும் அதே தட்டுப்பாடு. காரை நிறுத்திவிட்டுப் போகும்போது வைப்பரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவது சோவியத் ஓட்டுநரின் பழக்கம். விட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. மழை பெய்தால் எல்லாரும் ஓரமாக நிறுத்தி வைப்பரை மாட்டுவார்கள். அமெரிக்க அதிபர் ரீகன் மேடைகளில் சொன்ன ஒரு நகைச்சுவை உண்டு. பத்து வருடம் கழித்து இன்ன தேதியில் கார் கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்ல, வாங்குபவர் "காலையா மாலையா?" என்று கேட்கிறார். "பத்து வருடம் கழித்து வரப்போகிறது, காலையானால் என்ன, மாலையானால் என்ன?" "இல்லை, அன்று காலை பிளம்பர் வருகிறார்!" இதைச் சோவியத் மக்களே தங்களுக்குள் சொல்லிச் சிரித்ததாகத்தான் ரீகன் சொன்னார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். வாங்குபவர் பத்து வருடம் காத்திருக்கத் தயார் என்றால், தயாரிப்பவர் காரை ஏன் மாற்ற வேண்டும்? 2103, 2106, 2105, 2107 என்று எண்கள் மாறின. முகப்பு விளக்கு வட்டத்திலிருந்து சதுரமானது. எஞ்சின் கொஞ்சம் பெரிதானது. உள்ளே எலும்புக்கூடு 1966இன் ஃபியட்தான். இத்தாலியில் அதன் அசல் 1970களின் நடுவிலேயே ஓய்வு பெற்றுவிட்டது.

வெளிநாட்டில் கதை வேறு. பிரிட்டனில் 1974 முதல் 1997 வரை லாடா விற்றது. அங்கே வரிசை இல்லை, போட்டி இருந்தது. மலிவு விலைதான் அதன் ஒரே பலம். கேலியும் சேர்ந்தே வந்தது. "லாடாவின் பின் கண்ணாடியில் சூடேற்றி எதற்கு? தள்ளும்போது கை குளிராமல் இருக்க!" அதே காருக்குக் கியூபாவில் வேறு மரியாதை. நன்றாக உழைத்த மருத்துவருக்கும் தொழிலாளிக்கும் அரசு கொடுத்த பரிசு அது. இன்றும் ஹவானா தெருக்களில் டாக்சியாக ஓடுகிறது. ஓர் ஊரில் கேலிப் பொருள், இன்னோர் ஊரில் பதக்கம்.

நமக்கும் ஒரு உறவு உண்டு. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த 118 என்.இ. காரை நினைவிருக்கிறதா? பத்மினிக்குப் பிறகு வந்த பெட்டி போன்ற கார். அதுவும் ஃபியட் 124தான். ஸ்பெயினில் சியட் நிறுவனம் தயாரித்த வடிவத்தின் வழியாக, நிசான் எஞ்சினுடன் இங்கே வந்தது. ஜிகுலிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. ஸ்கூட்டருக்கும் டெலிபோனுக்கும் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த நம் தலைமுறைக்கு, அந்தத் தபால் அட்டையின் மகிழ்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1991இல் சோவியத் நாடு உடைந்தது. வரிசை மறைந்ததா? இல்லை, கை மாறியது. பணவீக்கம் தலைதெறிக்க ஓடிய காலத்தில், ஆலையிலிருந்து கடனுக்குக் கார் எடுத்து விற்றுவிட்டு, மாதங்கள் கழித்து மதிப்பிழந்த ரூபிளில் பணம் கட்டியவர்கள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். பின்னாளில் ரஷ்ய அரசியலையே ஆட்டிவைத்த போரிஸ் பெரெசோவ்ஸ்கியின் செல்வம் இப்படிக் கார் விற்ற லோகோவாஸ் நிறுவனத்தில் தொடங்கியதுதான். ஆலை வாசலில் எந்தக் கார் யாருக்குப் போக வேண்டும் என்று ரவுடிக் கும்பல்கள் முடிவு செய்தன. தோல்யாத்தியில் பல ஆண்டுகள் ரத்தம் சிந்தியது. இதையெல்லாம் எழுதிய உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் வலேரி இவானோவ் 2002 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த அலெக்சேய் சிதரோவ் 2003 அக்டோபரில் குத்திக் கொல்லப்பட்டார். ஒரே நாற்காலி, பதினெட்டு மாதத்தில் இரண்டு உயிர். குடும்பக் காரின் வரலாற்றில் இந்த இரு பெயர்களையும் விட்டுவிட்டு எழுதுவது நியாயமாகாது.

இத்தனைக்குப் பிறகும் கார் விற்றுக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. மலிவு. கிராமத்து மெக்கானிக் யாராலும் ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் வைத்துச் சரி செய்ய முடியும். உருளைக்கிழங்கு மூட்டையும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஏறலாம். 2010இல் பழைய காரைக் கொடுத்தால் புதிய காருக்கு அரசு 50,000 ரூபிள் தள்ளுபடி கொடுத்தபோது, ஏழை மக்கள் ஓடிப்போய் வாங்கியது இதையேதான். 2012 செப்டம்பரில் கடைசி வண்டியோடு உற்பத்தி நின்றது.

அதற்குள் ஆலை பிரெஞ்சு ரெனோ நிறுவனத்தின் கைக்குப் போகத் தொடங்கியிருந்தது. உக்ரைன் போருக்குப் பின் 2022இல் ரெனோ வெளியேறியது. தன் பங்கை விற்ற விலை ஒரே ஒரு ரூபிள். வாங்கியது யார்? 1966இல் ஃபியட்டைச் சோதித்த அதே நாமி! பாகங்கள் கிடைக்காததால் அந்த ஆண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாமல் லாடா கிரான்டா கார்கள் வந்தன. வாங்குபவருக்கு வேறு வழி இல்லை என்றால் என்ன நடக்கும் என்ற பழைய பாடம் மறுபடியும் நடத்தப்பட்டது.

கேள்விக்கு என் விடை இது. முதல் பத்து ஆண்டுகள் அந்தக் கார் நிலைத்தது அதன் தரத்தால். கரடுமுரடான சாலைக்கும் குளிருக்கும் ஏற்ப உழைத்துச் செதுக்கிய பொறியாளர்களின் பெருமை அது. அடுத்த பத்து ஆண்டுகள் நிலைத்தது மக்களுக்கு வேறு கதி இல்லாததால். கடைசி இருபது ஆண்டுகள் வறுமையால். வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே கார். எதையாவது "ஐம்பது வருடமாக மாறாமல் நிற்கிறது" என்று யாராவது புகழும்போது, அது காரோ, கட்சியோ, பள்ளிக்கூடமோ, எதுவானாலும், மூன்றில் எது காரணம் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

118 என்.இ. ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். மெக்கானிக் நண்பர்கள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.