முதுகுத்தண்டு நீரை வடித்த கதை

பத்து வருஷத்துக்கு முந்தி மூத்த நானாவுக்குத் திடீரென்று நடக்கேலாமப் போச்சு. “காலு ரெண்டும் என்ட சொல்லுக் கேக்குதில்லடா தம்பி” என்றார். மூன்றாம் நாள் கையும் ஓய்ந்தது. ‘கில்லன்-பாரே’ என்று வைத்தியர் சொன்னார். “அது ஆர்ட பேரு மகன்?” என்று உம்மா கேட்டா. அந்தக் கேள்விதான் என்னை இந்தத் தேடலில் இறக்கியது.

அது இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் பெயர். 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, கால் கை தளர்ந்த இரண்டு படைவீரர்களைப் பற்றி கில்லன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவர் எழுதினர். 1891இல் ஜெர்மனியின் குவின்கே அறிமுகப்படுத்திய முறைப்படி முதுகில் ஊசியேற்றி நீர் எடுத்துப் பார்த்தனர். அதில் புரதம் கூடியிருந்தது; கலங்கள் கூடவில்லை. இன்றும் இந்நோய்க்கு அது முக்கிய அடையாளம். 1927இல் நோய்க்குப் பெயரிட்டவர்கள் ஸ்ட்ரோலை விட்டுவிட்டனர்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குவதுதான் இந்நோய். அதனால் குருதியின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை 1980களில் நிலைபெற்றது. ஜெர்மனியின் உல்ம் நகரில் வொலின்ஸ்கி குழுவினர் வேறு விதமாக யோசித்தனர். நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலேயே நரம்பின் சோடிய வாயில்களை அடைக்கும் பொருள் இருக்கிறதென்றால், அந்த நீரையே வடிகட்டினால் என்ன?

மெல்லிய குழாய் வழியே 30 முதல் 50 மில்லிலீற்றர் நீரை எடுத்து, வடியில் செலுத்தி, அதே நீரைத் திரும்ப உள்ளே விட்டனர். நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை, 5 முதல் 15 நாள் வரை இது நடந்தது. 2001இல் வெளியான அவர்களது ஆய்வில் 37 நோயாளிகள். 17 பேருக்கு வடிகட்டல், 20 பேருக்குப் பிளாஸ்மா மாற்று. இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினர்.

37 பேரை வைத்து ஒரு முறையை ஏற்றுக்கொள்ளவும் ஏலாது, தள்ளிவிடவும் ஏலாது. 1992இல் நெதர்லாந்து ஆய்வு பலன் காட்டிய இம்யூனோகுளோபுலின் பரவலாயிற்று, வடிகட்டல் பரவவில்லை.

நானாவுக்கும் இம்யூனோகுளோபுலின்தான் ஏற்றினார்கள். நாலு மாதத்தில் எழும்பி நடந்தார். நான் தேடியதை உம்மாவிடம் சொன்னேன். “அந்த மூணாவது ஆளையும் எழுதி வை மகன்” என்றா. எழுதியிருக்கிறேன். உல்மில் நீர் வடித்தவர்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.