சைட்டோகைன்கள்: காய்ச்சலை மூட்டும் உடலின் தூதர்கள்

2021 மே மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு ஜனாஸாவை அடக்கிவிட்டு வீடு திரும்புவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். அந்த நாட்களில்தான் 'சைட்டோகைன் புயல்' என்ற சொல் வாட்ஸ்அப் வழியாக நம் வீடுகளுக்குள் வந்தது. கூடவே ஒரு மாத்திரைப் பட்டியலும் வந்தது. அதில் ஸ்டீராய்டும் இருந்தது. லேசாக உடம்பு சுட்டதுமே அதை வாங்கி விழுங்கியவர்கள் நமது தெருக்களிலும் உண்டு. அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் பலர் மருந்துக்கடைப் பக்கமே போயிருக்க மாட்டார்கள் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

சைட்டோகைன் கிருமி அல்ல, விஷமும் அல்ல. நம் உடலின் செல்கள், குறிப்பாக வெள்ளை அணுக்கள், ஒன்றுக்கொன்று தகவல் சொல்வதற்காகச் சுரக்கும் சிறு புரதம். இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான், டி.என்.எஃப். என்று இதில் பல வகை. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இரு ஆய்வாளர்கள் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தார்கள். வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களை எச்சரிக்க அனுப்பும் தூது அது.

காய்ச்சலும் இவற்றின் வேலைதான். கிருமி நுழைந்ததும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆகியவை இரத்தத்தில் கலந்து, மூளையில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் பகுதிக்குச் செய்தி சொல்கின்றன. அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி வெப்பம் ஏறுகிறது. பாராசிட்டமால் தடுப்பது இந்தப் பொருளைத்தான். உடல் அசதி, பசியின்மை, தூக்கம் கெடுவது எல்லாம் இந்தத் தூதர்களால்தான். ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் உறக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதில் பங்கு கொள்கிறது என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் மிம்பரில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அது முஃமின்களின் பரஸ்பர அன்பைப் பற்றியது. அதை மருத்துவப் பாடமாக்க நான் வரவில்லை. ஆனால் காய்ச்சலைப் பற்றிப் படிக்கும்போது அது நினைவுக்கு வராமல் இருக்காது.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சி.ஆர்.பி. என்றொரு வரி இருக்கும். இன்டர்லூக்கின்-6 தூண்டுவதால் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. அது கூடினால் உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று பொருள். எங்கே, எதனால் என்பதை அந்த ஒரு வரி சொல்லாது.

வேலை முடிந்ததும் இந்தத் தூது நின்றுவிட வேண்டும். நிற்காமல் பெருகிக்கொண்டே போனால் இரத்தக் குழாய்கள் கசிந்து, நுரையீரலில் நீர் கோத்து, இரத்த அழுத்தம் சரிகிறது. இதையே புயல் என்கிறார்கள். கொரோனாவில் சிலருக்கு இது நோயின் இரண்டாவது வாரத்தில் நேர்ந்தது. முதல் வாரத்தில் அதே சைட்டோகைன்கள்தான் வைரஸை எதிர்த்துக்கொண்டிருந்தன.

பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 100-க்கு 41 என்பதிலிருந்து 29 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26 என்பது 23 ஆனது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை. 14 என்பது 18 ஆக இருந்தது. இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டிலிருந்தபடி ஸ்டீராய்டு எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் கூட்டத்தினர்தான்.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும். இரண்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை நுழைந்தது. அதே மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இன்டர்லூக்கின்-6-இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசிக்காக ஊர் ஊராக அலைந்த குடும்பங்களும் உண்டு. அதனால் குறைந்த இறப்பு 100-க்கு 35-இலிருந்து 31. பயன் உண்டுதான், ஆனால் அது நோய் முற்றி மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு உரியது.

2017-இல் டெங்கு பரவியபோது நம் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்குவிலும் இரத்தக் குழாய் கசிவில் சைட்டோகைன்களுக்குப் பங்குண்டு. ஆனால் ஸ்டீராய்டு அங்கே பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை; சரியான அளவில் நீர்ச்சத்து கொடுப்பதுதான் சிகிச்சை. கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் தொடங்குவதால், "சூடு விட்டுவிட்டது, இனி பயமில்லை" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நாளே ஆபத்தான நாளாகிவிடுகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்வு, இரத்தக் கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முடக்கு வாதத்துக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசிகள் இப்போது கிடைக்கின்றன; மூட்டு வீக்கம் நன்றாகத் தணிகிறது. ஆனால் உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்துக் கட்டிவைப்பதும் இந்த டி.என்.எஃப்.தான். அதைத் தடுத்தால் கட்டு அவிழ்ந்து, கிருமி வெளியே வரலாம். நம் நாட்டில் பலரிடம் இந்தக் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதனால்தான் ஊசி போடும் முன் மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறார். அதற்கென உள்ள ஓர் இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவதும் ஒரு சைட்டோகைன்தான்: இன்டர்ஃபெரான்-காமா. வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால், அதை மறைக்காமல் அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.