மெட்ரிக் முறை (மும்பை)

பத்தின் மடங்குகளில் அமைந்த பன்னாட்டு அளவை முறை மும்பையின் வணிகத்திலும் தொழிலிலும் நிலைபெற்ற வரலாறு.

மெட்ரிக் முறைக்கு முன் மணங்கு என்ற ஒரே எடைப் பெயர் பம்பாயில் 28 ராத்தலையும் (பவுண்டு) சென்னையில் 25 ராத்தலையும் வடக்கே 82 ராத்தலுக்கு மேலும் குறித்தது. வீசையும் பலமும் பழகிய திருநெல்வேலித் தமிழர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தபோது இங்கே புழங்கியவை சேரும் தோலாவும். நாட்டில் 143 எடை முறைகள் இருந்ததாக நூல்கள் குறிக்கின்றன. எண்ணும் விதத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறக்கூடும்.

கிலோகிராமுக்கு இணையான சேரை வகுத்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் வந்தபோது வைசிராயாக இருந்த மேயோ மறு ஆண்டு கொல்லப்பட்டதை மட்டுமே அதற்குக் காரணமாகக் கொள்ள இயலாது.

மாற்றம் முதலில் நாணயத்தில் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. மும்பையின் கோட்டைப் பகுதி நாணயச்சாலையில் அச்சிட்ட காசுகளில் ஆண்டுக்குக் கீழே சிறிய வைர வடிவக் குறி இருக்கும். காசின் மேல் ‘ரூபாயின் நூறில் ஒரு பங்கு’ என்ற விளக்கமும் இந்தியில் பொறிக்கப்பட்டிருந்தது. அணா ஒன்றுக்கு ஆறேகால் நயா பைசா என்பதால் கால் பைசாக்களை முழுமையாக்க அட்டவணை தேவைப்பட்டது: ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25. ஓரணாவாக மூன்று முறை கொடுத்தவருக்கும் மூன்றணாவாக ஒரே முறை கொடுத்தவருக்கும் ஒரு பைசா வேறுபட்டது.

எடைகளுக்கான சட்டம் 1956இல் நிறைவேறியது. 1958 அக்டோபர் 1 முதல் கிலோ படிப்படியாக நுழைந்தது. சிலகாலம் சேரும் உடன் நின்றது. 80 தோலா கொண்ட சேர் 933 கிராம் என்பதால் ‘கிலோ என்பது ஒரு சேருக்குச் சற்று மேல்’ என்று வாங்குவோர் புரிந்துகொள்ள முடிந்தது. 1962 ஏப்ரல் 1இல் மெட்ரிக் எடை நாடெங்கும் கட்டாயமானது. எடைக்கற்களைச் சரிபார்க்கும் படித்தர எடைகளைச் செய்ததும் இதே நாணயச்சாலைதான்.

பருத்திச் சந்தை மட்டும் கண்டியை விடவில்லை. 28 பம்பாய் மணங்கு, அதாவது 784 ராத்தல், ஒரு கண்டி. இன்றும் பஞ்சு விலை 356 கிலோ கொண்ட கண்டிக்கே சொல்லப்படுகிறது. வழக்கொழிந்த பம்பாய் மணங்கு அந்த எண்ணுக்குள் அப்படியே இருக்கிறது.

படித்தரங்களைப் பேணும் பணி மும்பையில் இன்றும் தொடர்கிறது: செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிரியக்க அளவீடுகளுக்கான தேசியப் படித்தரங்களைப் பேணுகிறது.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் வீட்டுப் பரப்பு இன்னும் சதுர அடியில்தான் பேசப்படுகிறது; தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்ட வீடு 350 சதுர அடி, சுமார் 32.5 சதுர மீட்டர்.