ஒரு சொட்டு மருந்து: கண் ஊசி பிறந்த கதை

“மூணு ஊசி போட்டாச்சே, இன்னும் எதுக்கு?”

கண் மருத்துவமனையில் பெயர் கூப்பிடக் காத்திருந்தபோது அம்மா கேட்டாள். ஊசி போடும் நாள் அது. எங்களைச் சுற்றி இருபது பேராவது இருந்திருப்பார்கள். எந்தக் கண்ணுக்கு ஊசி என்பது மாறிவிடாமல் இருக்க, எல்லாருக்கும் அந்தக் கண்ணின் புருவத்துக்கு மேல் அடையாளம் போட்டிருந்தார்கள். அம்மா கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மனசிலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது போல.

அம்மாவுக்கு வலது கண்ணில் ஈரவகை மாகுலா சிதைவு. விழித்திரையின் நட்டநடுவில் இருக்கும் சிறு இடம் மாகுலா. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதன் வேலை. வயதான காலத்தில் சிலருக்கு அதற்கு அடியில் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைத்து, நீரும் இரத்தமும் கசியும். நேராக இருக்கும் வாசல் நிலை வளைந்து தெரிகிறது என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அப்படித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் இதே நோய் இருந்தது. 1990-களின் தொடக்கம் அது. எங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றால் தாத்தா தன் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்வார். நேரே பார்த்தால் நடுவில் கருந்திட்டு. ஓரக்கண்ணில்தான் நாங்கள் தெரிவோம். “இதுக்கு மருந்து இல்லீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு இல்லை.

தாத்தாவுக்குக் கிடைக்காதது அம்மாவுக்கு எப்படிக் கிடைத்தது? அம்மாவின் கேள்விக்கான பதிலும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

தாகம் எடுத்த திரை

உடம்பில் பிராணவாயுவை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அதற்கு இரத்த ஓட்டம் குறைந்தால் என்ன ஆகும்? 1948-இல் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர், விழித்திரையில் இரத்தக் குழாய்கள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்தார். பிராணவாயு நிறைந்த இரத்தம் ஓடும் தமனிகளை ஒட்டி நுண்குழாய்கள் முளைக்காத வெற்றிடம் இருப்பதைக் கவனித்தார். அப்படியென்றால் பிராணவாயு கிடைக்காத திசு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்து குழாய்களை வரவழைக்கிறது என்று ஊகித்தார். அந்தப் பொருள் இன்னதென்று அவருக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்கள் அதை ‘எக்ஸ் காரணி’ என்று அழைத்தார்கள்.

அம்மாவுக்கு வந்த நோய், சர்க்கரை நோயால் கண்ணுக்கு வரும் கேடு இரண்டின் சூட்சுமமும் அந்த ஊகத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்குழாய்கள் பழுதாகி அடைபடுகின்றன. தாகம் எடுத்த திரை ‘குழாய் வேண்டும்’ என்று குரல் கொடுக்கிறது. புதுக் குழாய்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் சுவர் உறுதியில்லாத குழாய்கள். அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். பழைய குழாய்களும் சேர்ந்து கசியும். அந்த நீர் மாகுலாவில் தேங்குவதைத்தான் நம் ஊரில் ‘நரம்புல தண்ணி கோத்திருக்கு’ என்கிறோம். பிழைப்பதற்காகத் திரை எழுப்பும் குரலே அதற்குக் கேடாக முடிகிறது.

இரண்டு பெயர், ஒரு பொருள்

அந்தக் குரலை அடையாளம் கண்டவர்கள் கண்ணைத் தேடிப் போனவர்கள் இல்லை. புற்றுநோயைத் தேடிப் போனவர்கள்.

1971-இல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர், புற்றுக்கட்டி தனக்கென்று இரத்தக் குழாய்களை வரவழைத்துத்தான் பெருக்கிறது, அதைத் தடுத்தால் கட்டியை வாடவைக்கலாம் என்று எழுதினார். பல ஆண்டுகள் அவரை நம்பியவர்கள் குறைவு. 1983-இல் அதே பாஸ்டனில் ஹெரால்ட் டுவோராக்கும் டொனால்ட் செங்கரும், புற்றுச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் இரத்தக் குழாய்களைக் கசியவைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 1989-இல் கலிஃபோர்னியாவில் ஜெனன்டெக் நிறுவனத்தில் வேலை பார்த்த நெப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பிச் செல்களிலிருந்து, இரத்தக் குழாய்களை வளரவைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். பாஸ்டன்காரர்கள் கசிவைத் தேடினார்கள், ஃபெராரா வளர்ச்சியைத் தேடினார். கையில் கிடைத்த இரண்டும் ஒரே பொருள். அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். என்று நிலைத்தது.

வளர்ப்பது, கசியவைப்பது என்ற இந்த இரண்டு குணமும்தான் கண்ணில் நடக்கும் இரண்டு கேடுகள். 1994-இல் பாஸ்டனின் ஜோஸ்லின் மையத்தைச் சேர்ந்த லாயிட் ஐயெல்லோவின் குழு, அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் கண்ணிலிருந்து எடுத்த திரவத்தைச் சோதித்தது. சர்க்கரை நோயால் புதுக் குழாய் முளைத்திருந்த கண்களில் வி.இ.ஜி.எஃப். மிகுந்திருந்தது. லேசர் சிகிச்சை பலன் தந்த கண்களில் குறைந்திருந்தது. லேசர் ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் அதில் விளக்கம் கிடைத்தது. ஓரத்து விழித்திரையைச் சுட்டுக் கருக்கிவிட்டால், தாகம் எடுக்க அங்கே திசு இல்லை, குரலும் குறைகிறது. மைக்கேல்சனின் எக்ஸ் காரணி 46 ஆண்டுகளுக்குப் பிறகு சிக்கியது.

ஆனால் அதை உடம்பிலிருந்து அடியோடு ஒழிக்கவும் முடியாது. 1996-இல் எலிகளில் இது தெரிந்தது. இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று குறைந்தாலே எலிக்குஞ்சு கருவிலேயே இறந்துவிடுகிறது. காயம் ஆறவும் இதயம் தாக்குப்பிடிக்கவும் வேண்டிய பொருள் அது. ஆகவே வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்கு மட்டும் அடக்கவேண்டும். மாத்திரையாக விழுங்காமல் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவதற்கு ஒரு காரணம் இது.

புற்றுநோய் மருந்து கண்ணுக்கு வந்தது

ஃபெராராவின் குழு வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புரதம் ஒன்றை உருவாக்கியது. அதுவே பெவசிசுமாப், விற்பனைப் பெயர் அவாஸ்டின். 2004 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணுக்கு அது சரிப்படாது, முழு எதிர்ப்புரதம் விழித்திரையை ஊடுருவ முடியாத அளவுக்குப் பெரிது என்று தொடக்கத்திலேயே நினைத்தார்கள். அதனால் அதே நிறுவனம் கண்ணுக்கென்று ஒரு சிறு துண்டை வடிவமைத்தது. அது ராணிபிசுமாப்; விற்பனைப் பெயர் லூசென்டிஸ். ஆனால் கண்ணுக்கான வி.இ.ஜி.எஃப். தடுப்பு மருந்துகளில் முதலில், 2004 டிசம்பரில், அனுமதி பெற்றது பெகாப்டனிப் என்ற வேறொரு மருந்து. அது பார்வை இழப்பை மெதுவாக்கியதே தவிர, போன பார்வையைப் பெரும்பாலும் திருப்பித் தரவில்லை.

ராணிபிசுமாப் ஆய்வில் இருந்த அந்த நாட்களில், மயாமியின் பாஸ்கம் பாமர் கண் மையத்தில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற மருத்துவரின் கண்முன்னே நோயாளிகள் பார்வை இழந்துகொண்டிருந்தார்கள். அவர் முதலில் அவாஸ்டினைக் கைநரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார். கண் தேறியது, ஆனால் உடம்பு முழுக்க மருந்து பரவுவதில் ஆபத்து உண்டு. 2005-இல் அதிலிருந்து மிகச் சிறு அளவை எடுத்து நேரடியாகக் கண்ணுக்குள் செலுத்தினார். ஊடுருவாது என்று ஒதுக்கப்பட்ட மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது ஸ்கேனில் தெரிந்தது. சில மாதங்களுக்குள் உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் அந்த வழியில் நடக்கத் தொடங்கினார்கள்.

2006 ஜூனில் ராணிபிசுமாபுக்கு அனுமதி கிடைத்தது. ‘மரீனா’ என்ற பெரிய ஆய்வின் முடிவும் அந்த ஆண்டே வெளியானது. மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு ஓராண்டில் பார்வை பெரிதாகக் குறையவில்லை. போடாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 62 பேர். முழு அளவு மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் படிக்கும் அட்டையில் மூன்று வரி கூடுதலாகப் படித்தார். இந்த நோயில் பார்வை திரும்பும் என்று மருத்துவர்கள் சொல்ல முடிந்தது அப்போதுதான்.

விலைதான் பிரச்சினையாக இருந்தது. அன்றைக்கு அமெரிக்காவில் லூசென்டிஸ் ஒரு ஊசிக்குச் சுமார் 2,000 டாலர் ஆனது. அவாஸ்டினைப் பிரித்துப் போட்டால் சுமார் 50 டாலர்தான் ஆனது. அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் செலவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது: பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நம் நாட்டைப் போன்ற நாடுகளுக்கு இது பெரிய வரம். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள். 2015-இல் ராணிபிசுமாபைப் போன்ற மருந்து ஒன்று இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கும் வந்தது.

ஊசி நாளில்

இந்தக் கதை தெரிந்தால் ஊசி அறையில் நடப்பது ஒவ்வொன்றும் விளங்கும்.

மருந்தின் அளவு 0.05 மில்லி, ஏறக்குறைய ஒரு சொட்டு. உடம்பு முழுக்கப் பரவாமல் கண்ணில் மட்டும் வேலை செய்ய அது போதும். முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு பழுப்பு நிற அயோடின் மருந்தால் கண்ணையும் இமையையும் சுத்தம் செய்வார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு சிறு கம்பிக் கவ்வி வைப்பார்கள். எல்லாரும் பயப்படுவது போல ஊசி கருவிழியில் இறங்குவதில்லை. கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் கூழில் இறங்குகிறது. முடி போல மெல்லிய ஊசி. சில நொடி வேலை. “யாரோ விரலால அழுத்தின மாதிரி இருந்துச்சு” என்றாள் அம்மா. அன்று இரவு கண் உறுத்தியதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த அயோடின்தான். அதற்காக அதைக் குறைக்கச் சொல்லக்கூடாது. கிருமியிலிருந்து காப்பது அதுவே.

அடுத்த நாள் வெள்ளை விழியில் சிவப்புத் திட்டு இருக்கலாம். பார்க்கப் பயமாக இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே மறையும். கருப்பு உருண்டை ஒன்று மிதக்கலாம். அது மருந்தோடு போன காற்றுக்குமிழி. ஓரிரு நாளில் கரையும். கண்ணைக் கசக்காமல், சில நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்கிறேன். ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் கண்ணுக்குள் கிருமித்தொற்று வருகிறது. வந்தால் பார்வையே போகக்கூடும். ஊசிக்குப் பிறகு வரும் நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, சிவப்பு அதிகமானாலோ, வெளிச்சம் பட்டால் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று இருக்கக்கூடாது. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். அவாஸ்டின் கண்ணுக்கென்று பிறக்காத மருந்து. ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிக்கும்போது தூய்மை தவறக்கூடாது. ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன் எந்த மருந்து, எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

இன்னும் எதுக்கு?

இனி அம்மாவின் கேள்வி. மருந்து கண்ணுக்குள் போய் அங்கே மிதக்கும் வி.இ.ஜி.எஃப்.-ஐக் கட்டிவைக்கிறது. ஒன்பது, பத்து நாளில் மருந்து பாதியாகக் கரைகிறது. பிறகு அதிலும் பாதி. திரையின் குரலோ ஓயவில்லை. மருந்து தீர்ந்ததும் குழாய்கள் மறுபடி கசியத் தொடங்கும். அதனால்தான் முதல் மூன்று ஊசி மாதாமாதம். பிறகு விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் நீர் வடிந்திருக்கிறதா என்று பார்த்து, இடைவெளியை ஆறு வாரம், எட்டு வாரம் என்று மெல்ல நீட்டுவார்கள். 2011-இல் வந்த அஃப்லிபெர்செப்ட், 2022-இல் வந்த ஃபாரிசிமாப் ஆகிய மருந்துகளெல்லாம் அந்த இடைவெளியை நீட்டும் முயற்சிகளே. சர்க்கரை நோயில் ஊசியோடு சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் கட்டுக்குள் இருக்கவேண்டும்.

பார்வை தெளிந்ததும் ‘சரியாயிடுச்சு’ என்று நிறுத்திவிடுவதும், தெளியவில்லை என்றால் ‘பிரயோஜனம் இல்லை’ என்று நிறுத்திவிடுவதும் இரண்டுமே ஒரே தவறு. நிறுத்திய சில மாதங்களில் தழும்பு விழுந்துவிட்டால் பிறகு எந்த ஊசியாலும் அதை அழிக்க முடியாது.

இதையெல்லாம் அன்று காத்திருந்தபோது எனக்குத் தெரிந்த மொழியில் அம்மாவிடம் சொன்னேன். கரிசல் காட்டில் பிறந்தவள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“களை எடுக்கிற மாதிரின்னு சொல்லு. ஒருவாட்டி எடுத்தாச்சுன்னு எந்தச் சம்சாரி வரப்புல உட்காருவான்?”

முன்வரிசைக்காரர் தலையாட்டினார்.

நான்காவது ஊசி முடிந்து அம்மா வெளியே வந்தாள். நீர் நன்றாக வடிந்திருக்கிறது, இனி ஆறு வாரம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்திரிகையின் சின்ன எழுத்து இன்னும் கலங்கித்தான் தெரிகிறது. அது முழுக்கத் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். தாத்தாவின் மகள், ஊசி போடாத கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, தலையைச் சாய்க்காமல், நேருக்கு நேராக என் முகத்தைப் பார்த்து, “சவரம் பண்ணலையா நீ?” என்று கேட்டாள்.