பிரிந்து வந்த பிறகும் மிரட்டும் கணவர்: பெரம்பலூர், அரியலூர் பெண்கள் எங்கே மனு கொடுக்கலாம்?

தாய் வீட்டுக்கு வந்தாச்சு, இனி பிரச்னை இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெண் பிரிந்து வரும் நேரத்தில்தான் கொலை ஆபத்து கூடுகிறது என்கின்றன ஆய்வுகள். ஏற்கெனவே கழுத்தை நெரித்தவர், "கொன்னுடுவேன்" என்று மிரட்டியவர், போகும் இடமெல்லாம் பின்தொடர்பவர் என்றால் அதை வெறும் கோபம் என்று விட்டுவிடக் கூடாது. குறுக்கே வரும் பெற்றோர், குழந்தைகள் மீதும் வெட்டு விழுவதுண்டு.

கணவர் வீடு பெரம்பலூர், தாய் வீடு அரியலூர் என்றால் மனு எங்கே? 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27வது பிரிவுப்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். அரியலூர் மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு பெரம்பலூரில் மட்டுமல்ல, நாடு முழுக்கச் செல்லும். இப்போது சேர்ந்து வாழவில்லையே என்று தயங்க வேண்டாம். முன்பு ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலே போதும்.

மாவட்ட சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரே மனுவைத் தயாரிக்க உதவுவார். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வருமான வரம்பு இல்லாமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள் வர வேண்டும். அவசரம் என்றால் கணவர் தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு போடலாம்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம் இது. ஆனாலும் பல இடங்களில் பஞ்சாயத்து பேசி, "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்புவதுதான் நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு முன்பே புகாரை எழுத்தில் கொடுத்து, மனு ரசீது வாங்கிவிடுவது நல்லது.

24 மணி நேர மகளிர் உதவி எண் 181. ஆள் வாசலில் நிற்கிறார் என்றால் 112.